தெற்கால ஆர் இருக்கினம்?

1998ஆம் ஆண்டு. புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து இயங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பென்றால் ஒரு வேப்பமரம், ஒரு கரும்பலகை, பதினொரு பிள்ளைகள். அன்றைக்கு வானிலைப் படம் வாசித்தல். தாளுக்குத் தட்டுப்பாடான காலம். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கழற்றி, இரவு குப்பி விளக்கடியில் இருந்து, பிள்ளைக்கு ஒன்றாகப் பதினொரு இலங்கைப் படம் கீறிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றிலும் நாலு புள்ளி: யாழ்ப்பாணம், மன்னார், அநுராதபுரம், திருகோணமலை. வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் நிற்பதாக வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு 1008 மில்லிபார், திருகோணமலைக்கு 1004 என்று நானே எண் போட்டிருந்தேன்.

1006க்குரிய சமவமுக்கக் கோட்டைக் கீறச் சொன்னேன். 1008க்கும் 1004க்கும் நடு 1006. அடிமட்டம் வைத்துப் பார்த்தால் அந்த நடு ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட விழும். பின்வரிசையில் ஒரு பெடியன் எழும்பினான். அவனுடைய சொந்த ஊர் ஒட்டுசுட்டான்.

"ரீச்சர், எங்கட ஊரில ஒருத்தரும் அளக்கேல்லை. பிறகென்னண்டு அங்க 1006 எண்டு கீறுறது?"

"அது கற்பனைக் கோடு தம்பி. கேள்வியில வந்தா இப்பிடிக் கீறு, புள்ளி கிடைக்கும்" என்றேன்.

அவன் இருந்துவிட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில் கொண்ட ஊர் அது. அங்கே இறைவன் தானாகத் தோன்றினார் என்பதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்று வளர்ந்த பிள்ளை. எண் தானாகத் தோன்றியதைத்தான் அவனால் ஏற்க முடியவில்லை. நான் சொன்ன பதில் பிழை என்று எனக்கு அன்றைக்கே பட்டது. எங்கே பிழை என்று தெரிய நெடுங்காலம் சென்றது.

கோடு கீறுகிற வேலையை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இதை யோசித்ததெல்லாம் பென்சிலைப் பிடித்துக்கொண்டுதான். சமவமுக்கக் கோடு புள்ளிகளைத் தொடுத்துக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் புள்ளிகளுக்கு இடையால்தான் போகும். கூடின எண்ணெல்லாம் கோட்டின் ஒரு பக்கம், குறைந்த எண்ணெல்லாம் மற்றப் பக்கம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளக்கூடாது, ஒரு இடத்துக்கு ஒரு நேரத்தில் இரண்டு அமுக்கம் இருக்க ஏலாது. கோடு கிளைவிடக்கூடாது. நடுவெளியில் அறுந்து நிற்கவும் கூடாது. ஒன்றில் சுற்றிவந்து தன்னோடு சேரவேண்டும், இல்லையென்றால் படத்தின் விளிம்பைத் தாண்டிப் போகவேண்டும். விளிம்பைத் தாண்டிய கோடு முடிந்துபோனதில்லை, வேறு யாருடையவோ படத்தில் அது தொடரும். பென்சிலை அழுத்தக்கூடாது. முன்னங்கையைத் தாளில் சாய்த்து, கையைத் திருப்பாமல் தாளைத் திருப்பவேண்டும். முதற்கோடு ஒருபோதும் சரிவராது. மூன்றாவதைக் கீறும்போது முதலாவதின் பிழை தெரியும், அழித்துவிட்டுத் திரும்பக் கீறவேண்டும். கோடுகள் நெருங்கி வந்தால் அங்கே காற்று பலம். மலைப் படத்தில் சமவுயரக் கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்பது போல.

இந்த யோசனைக்கு வயது முந்நூற்றுச் சொச்சம். எட்மண்ட் ஹாலி அத்திலாந்திக் கடலில் கப்பலில் அலைந்து, திசையறி ஊசி எங்கெங்கே எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, ஒரே அளவு விலகும் இடங்களைக் கோடுகளால் சேர்த்து 1701இல் ஒரு படம் வெளியிட்டார். 1817இல் ஹம்போல்ட் வெப்பநிலைக்கு அதையே செய்தார். அதற்கு முன்னமும் ஆட்கள் அளந்தார்கள்தான். அளந்த இடங்களுக்கு நடுவில் கிடக்கிற அளக்காத இடத்துக்கும் ஒரு சொல் சொல்லலாம் என்ற துணிவுதான் புதிது.

என் அப்பாவுக்கு அந்தத் துணிவு படிப்பால் வந்ததில்லை. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இரணைமடுவில் வேலை செய்தார். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தண்ணீரின் வளைவுக்கு நேரே கண்ணைப் பதித்து வாசிப்பார். பிறகு குளக்கட்டில் நடந்துபோய் நீர்மட்டக் கோலில் எத்தனை அடி என்று பார்ப்பார். இரண்டையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதுவார். மாரி காலத்தில் மூன்றாவது வேலை ஒன்றும் இருந்தது, அதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. கனகராயன் ஆறு குளத்துக்குள் இறங்குகிற பக்கம் சைக்கிளில் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வருவார். அந்த ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கே ஓடி வருவது. எங்கள் தலைக்கு மேலே வானம் வெளித்துக் கிடக்கும். அப்பா வந்து சாரத்தை உதறிக்கொண்டு சொல்லுவார்: "செம்மண் தண்ணி. சருகும் நுரையும் வருது. தெற்கால ராத்திரி நல்லாக் கொட்டியிருக்குது. நாளைக்கு வான்கதவு திறக்கவேண்டி வரும்."

ஒருமுறையும் அவர் வவுனியாவுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னதில்லை. பெரும்பாலும் பிழைத்ததும் இல்லை.

பிறகு ஒருகாலத்தில், பரீட்சைக்காக இல்லாமல், மணிமேகலையை ஆற அமர வாசித்தேன். இருபத்தேழாவது காதையில் அவள் வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் உங்கள் பொருள் என்ன என்று கேட்கிறாள். முதலில் அளவைவாதி. அவன் கருதலுக்கு வகை சொல்லுகிற இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று கொள்வதை அவன் எச்சம் என்கிறான். கருக்கொண்ட முகிலைக் கண்டு இனி மழை பெய்யும் என்று கொள்வதை முதல் என்கிறான். வடமொழி நியாய நூலாரும் கருதலுக்கு இதே இரண்டு உதாரணத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். மெய்யை எப்படி அறிவது என்று கேட்ட பழைய ஆட்கள் மழையைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள். அப்பா அவர்களுக்குள் ஒருவர் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் சைவ சித்தாந்தத்தில் சிவஞான சித்தியார் சுபக்கம் அளவையோடுதான் தொடங்குகிறது. கடவுளைப் பற்றிப் பேசுமுன் எதை வைத்துப் பேசுகிறாய் என்று அருணந்தி சிவாசாரியார் நிறுத்திக் கேட்கிறார். மற்றவர்கள் பத்து வரை எண்ணுகிற அளவைகளை அவர் மூன்றுக்குள் அடக்குகிறார்: காண்டல், கருதல், உரை.

வேப்பமரத்தடியில் நான் விட்ட பிழை எங்கே என்று அப்போதுதான் பிடிபட்டது. கற்பனை என்று சொன்னேன். கருதல் என்று சொல்லியிருக்கவேண்டும். எங்கள் பாடப் புத்தகங்கள் மத்தியகோட்டையும் அகலக்கோட்டையும் கற்பனைக் கோடு என்கின்றன, அந்த வாய்ப்பழக்கத்தில் சமவமுக்கக் கோட்டுக்கும் சொல்லிவிட்டேன். அகலக்கோடு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு, அதைப் போய்ப் பார்த்துப் பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுசுட்டானில் நான் கீறிய 1006 அப்படியில்லை. நாளைக்கு ஒருவன் ஒரு பாரமானியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் 1003 என்று வாசித்தால், நான் ரப்பரை எடுத்தே ஆகவேண்டும். அளக்காத ஊரைப் பற்றி நான் ஒரு சொல் கொடுத்திருக்கிறேன், அந்த ஊர் எந்த நேரமும் என்னை மறுக்கலாம். அந்தப் பெடியன் கேட்டது வானத்தில் கோடு உண்டா என்றில்லை. எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்றுதான் கேட்டான்.

உரை என்ற மூன்றாவது அளவையை வன்னியில் இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துப் பின்சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ கேட்போம். ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர் காதைக் கிட்ட வைக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் அக்கரை வானொலிதான் எங்களுக்குப் புயல் செய்தி. நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீற்றர் என்று அவர்கள் சொல்ல, நான் கவராயத்தை விரித்துப் படத்தில் குறிப்பேன். சில்லைச் சுற்றுகிறவரின் கை களைத்தால் குரல் தேய்ந்து, சொல்லில் பாதி போய்விடும். கண்டவளுமில்லை, கருதியவளுமில்லை, நான் கேட்டவள். அந்தப் பக்கத்தில் யாரோ பார்த்தது பார்த்தபடி சொல்லுகிறார், எங்களை ஏமாற்ற அவருக்கு ஒரு தேவையும் இல்லை என்று நம்பித்தான் கவராயத்தை ஊன்றினேன். ஆப்தன் என்று நூல்கள் சொல்லுகிற ஆள் எனக்கு அந்தப் பெயர் தெரியாத அறிவிப்பாளர்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை. இங்கே வளியமுக்கம் நாளுக்கு இரண்டு தரம் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும்: காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு, இரவில் திரும்பவும் அப்படியே. இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட இந்த ஏற்ற இறக்கம் சில நாட்களில் பெரிது. ஆகவே ஒரே நேரத்தில் வாசித்த எண்களைத்தான் ஒரு கோட்டில் சேர்க்கலாம். உலகம் முழுக்க வானிலை நிலையங்களில் ஒரே கணத்தில் வாசிக்கிறார்கள். கிறீனிச் நேரம் நள்ளிரவு, எங்களுக்கு விடிய ஐந்தரை. 1996இல் இருந்து 2006 வரை நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். வன்னியில் பழைய நேரந்தான். ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்பவேண்டும். புது நேரம், பழைய நேரம் என்று இரண்டாகப் பிளந்து கிடந்த அந்தப் பத்து வருடமும் இரண்டு பக்கத்துக்கும் படத்தின் நேரம் ஒன்றாகவே இருந்தது. அம்மா சாமி விளக்குக் கொளுத்துகிற நேரமும் அந்த ஐந்தரைதான். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அந்தக் கணத்தில் குனிந்து பாரமானியைப் பார்க்கிறார்கள் என்ற நினைவு எனக்கு இன்றைக்கும் ஒரு வழிபாட்டு நேரத்தின் நினைவாகவே வருகிறது.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது தர்மபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அந்த மழையைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன். தறப்பாளின் நடுவில் தேங்கிய தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டே விடிய விடிய நின்றோம். புயல் எங்கே நிற்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களை யாராவது ஒரு படத்தில் குறித்திருப்பார்களா என்று யோசித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒட்டுசுட்டான் பெடியனை 2009இல் போர் முடிந்த பிறகு தேடினேன். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20இல் இருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நானும் போய் அவர்களோடு இருந்திருக்கிறேன். இத்தனை வருடமாகிவிட்டது, இனி என்ன என்று சொல்லுகிறவர்களும் வந்தார்கள். அதுவும் ஒரு கருதல்தான். கடைசியாகக் கண்ட இடத்துக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு கோட்டைக் கீறி முடித்துவிடச் சொல்லுகிறார்கள். தாய்மார் பென்சிலைத் தொடமாட்டோம் என்கிறார்கள். சித்தியாரின் பட்டியலில் அபாவம் என்றும் ஒரு அளவை வரும்: ஒன்றைக் காணாததைக் கொண்டு அது இல்லையென்று அறிவது. மேசையில் குடம் இல்லை என்று அறிய அது போதும். பிள்ளை விஷயத்தில் போதாது. கண்டவர்கள், கொண்டுபோனவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருக்கும்போது, மற்றவர்கள் கருதி முடிக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் வைத்துப் பார்த்தாலும் அந்தத் தாய்மார்தான் சரி.

இனி அம்மா.

1964 டிசம்பர் 22 புயல் வவுனியாப் பக்கத்தால் வன்னியைக் கடந்தபோது அம்மாவுக்கு இருபத்தொரு வயது, முள்ளியவளையில் கிடுகு வீடு. கூரை போய்விட்டது. வீட்டுக்காரர் எல்லோரும் நெல்லுப்பெட்டகத்தோடு ஒட்டிக்கொண்டு, வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்து, எங்களைக் கடந்து போகட்டும் தாயே, கடந்து போகட்டும் என்று கத்தினார்களாம். கடந்துபோனது. வீட்டில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. அதே புயல் அன்றிரவே தனுஷ்கோடியை மூடியிருக்கிறது. பாம்பனில் இருந்து போன ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடல் கொண்டுபோயிருக்கிறது. தனுஷ்கோடி அந்தக் காலத்தில் எங்களுக்குத் தூரத்து ஊரில்லை. தலைமன்னாரில் கப்பலேறினால் இறங்குகிற துறை. என் தாத்தா சிதம்பரம் போனது அந்த வழியால்தான்.

அம்மா வைகாசியில் நேர்த்தியைத் தீர்த்தா. பொங்கினா, கற்பூரச்சட்டி எடுத்தா. ஆனால் பிறகு ஒருநாளும் கடந்து போகட்டும் என்றோ திரும்பிப் போகட்டும் என்றோ அவ கும்பிட்டு நான் கேட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை.

2020 டிசம்பர் 2. புரெவிப் புயல். கரையோரச் சனங்களை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். கொரோனாக் காலம், எல்லோர் முகத்திலும் மாஸ்க். எங்கள் வீட்டு ஓட்டை நம்ப ஏலாமல் அம்மாவையும் பிளாஸ்டிக் கதிரையோடு அங்கே கொண்டுபோய் இருத்தியிருந்தேன். பின்னேரம் வரை என் கைபேசியில் படம் வந்துகொண்டிருந்தது. வட்டத்துக்குள் வட்டமாகச் சமவமுக்கக் கோடுகள், படுத்திருக்கிற பாம்பு மாதிரி. சைக்ளோன் என்ற சொல்லை 1848இல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் பாம்பின் சுருளைக் கருத்தில் வைத்துத்தான் உண்டாக்கினார். புதூர் நாகதம்பிரானுக்குப் பால் எடுத்துக்கொண்டு போகிற எங்கள் சனத்துக்கு அதை விளங்கப்படுத்த நேரமெடுக்காது. இருட்டினதும் கரண்ட் போய், பிறகு சிக்னலும் போய்விட்டது.

மண்டபத்து வாசலில் ஒரு வயதான சம்மாட்டி நின்றார். கரைவலைக்காரர். இரவு எத்தனை மணியென்று தெரியாது, என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், இந்தத் தூணைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். தூணின் வடக்குப் பக்கம் காயத் தொடங்கியிருந்தது. கிழக்குப் பக்கத்தால் தண்ணீர் வழிந்தது.

"வாடை விட்டிட்டுது. கொண்டலுக்குத் திரும்பியிட்டுது. எங்களுக்குத் தெற்கால ஏறுது."

காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் வட அரைக்கோளத்தில் தாழமுக்கம் இடக்கைப் பக்கம். ஒல்லாந்தரான பைஸ் பலோட் 1857இல் வெளியிட்ட விதி. பத்தொன்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கிழக்கே முதுகைக் கொடுத்து நின்றேன். இடக்கை தெற்கே நீண்டது. காகிதமும் இல்லை, திரையும் இல்லை, ஒரு நனைந்த தூண். அந்த மனுசனும் நானும் புயலைச் சுற்றிக்கொண்டு போகிற கோட்டின் மேலேயே நின்றோம்.

செய்தி மண்டபத்துக்குள் பரவியது. தெற்கால போகுதாம், தெற்கால போகுதாம். குழந்தைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாய்மார் அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்றார்கள். ஒருவர் கற்பூரம் தேடினார். அப்போது அம்மா கதிரையில் இருந்தபடி கேட்டா.

"தெற்கால ஆர் இருக்கினம்?"

சத்தம் அடங்கிவிட்டது. சம்மாட்டி தூணில் கையை வைத்தபடி எண்ணத் தொடங்கினார். "கொக்கிளாய் இருக்கு ஆச்சி. புல்மோட்டை. திரியாய். குச்சவெளி." கொஞ்சம் நிறுத்தினார். கொக்கிளாய்க் கரையில் வாடி அடித்திருக்கிறவர்களோடு அவருக்கு வருடக்கணக்கான பிணக்கு, அது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். "வாடியளுக்கை இருக்கிறவங்களும் இருக்கிறாங்கள்" என்றார்.

அன்றிரவு பத்தரை, பதினொன்றளவில் புரெவி திரியாய்க்குக் கிட்டக் கரையேறியது என்பது பிறகு தெரிந்தது. எதிர்பார்த்த பலம் அதற்கு இருக்கவில்லை. விடியும்போது வன்னியின் தென்பகுதியால் மன்னார்க் கடலுக்குள் இறங்கிவிட்டது.

புயலைத் திருப்பிவிடச் சொல்லிக் கடவுளிடம் கேட்கலாமா என்பதை நான் சிறு வயதில் இருந்து யோசித்து வந்திருக்கிறேன். படம் வாசிக்கத் தெரியாதவர் கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குக் கூரை, பிள்ளை, இருட்டு இவ்வளவுதான் தெரியும், வேண்டுதல் அங்கேயிருந்துதான் வரும். படம் வாசிக்கப் பழகினவளுக்கு அது ஏலாது. மூடிய கோட்டுக்கு உள்ளே எப்போதும் ஒரு இடம் இருக்கும். வளையத்தை நகர்த்தினால் வேறொரு ஊர் உள்ளே வரும். என் ஊரைத் தாண்டிய கோடு எங்கே தொடருகிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு தெரியாதவள் மாதிரிக் கும்பிட வாய் வருவதில்லை.

இந்த இடத்தில் வினை என்று சொல்லி முடிப்பவர்கள் உண்டு. பட்டவர்கள் பட்டது அவர்களின் வினை. 2009க்குப் பிறகு எங்களைப் பார்த்தும் சிலர் அப்படிச் சொன்னார்கள், கோயில் மேடையிலேயே சொன்னார்கள். நான் சைவப் பிள்ளை, வினையை மறுக்கவில்லை. ஆனால் மற்றவனின் துன்பத்தைக் கண்டு அவன் செய்த பாவத்தைக் கருதுவது எச்சம் என்ற வகையைச் சேர்ந்த கருதல்: வெள்ளத்தைக் கண்டு மழையைச் சொல்வது. அப்பா அதைச் செய்யலாம், ஏனென்றால் கனகராயன் ஆற்றுக்குக் கரை இருக்கிறது. கரையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வவுனியா வரும். மழை பெய்ததா என்று அங்கே ஒருவரைக் கேட்கலாம், இல்லையென்றால் அப்பாவின் சொல்லைத் திருத்தலாம். இன்னொருவனின் முற்பிறவிக்கு நான் நடந்துபோகக் கரை இல்லை. அவன் என்னை மறுக்கவும் வழியில்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் கீறுவது கருதலில்லை, அதற்குத்தான் கற்பனை என்று பெயர். என் துன்பத்துக்கு என் வினை என்று நான் என்னிடம் சொல்லிக்கொள்ளலாம், அது என்னைக் கொஞ்சம் பொறுமையாக்கும். அடுத்தவனுக்கு அந்தக் கோட்டைக் கீற எனக்கு அனுமதியில்லை.

அப்படியென்றால் என்ன கும்பிடுவது? அடுத்த நாள் காலை மழை விட்டதும் அம்மா பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னா. ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். "திரியாய், குச்சவெளி" என்றா அம்மா. ஐயர் என்னைப் பார்த்தார். நட்சத்திரம் என்றார். "தெரியாது ஐயா. சுவாமி பேருக்கே செய்யுங்கோ." அவர் சங்கற்பத்தில் இரண்டு ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அதனால் அங்கே ஒருவருக்கு என்ன நன்மை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்டதுமில்லை, கருதவும் முடியவில்லை. அம்மா வீடு வந்து சேரும் வரை முன்றாணையைத் தலையில் போட்டபடி ஒன்றும் பேசாமல் வந்தா. 2023இல் மோசம் போனா.

2025 நவம்பர் 28, டிட்வா புயல். எங்கள் பக்கமும் வெள்ளம், வீதிகள் அறுந்தன. ஆனால் இந்தமுறை உயிர் போனது மலையில். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மண்சரிவுக்கு மேல் மண்சரிவு. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எனக்கு அடுத்த வீட்டுப் பெண் மலையகத்தில் பிறந்தவ. 1977 கலவரத்துக்குப் பிறகு லொறியில் வன்னிக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று அவவுடையது. பெரியப்பா வீட்டுக்காரர் இன்னும் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில்தான். இரண்டு நாளாகப் போன் எடுபடவில்லை. மூன்றாம் நாள் காலை என் வாசலில் வந்து நின்றா.

"டீச்சரம்மா, உங்ககிட்ட மேப் இருக்கும்ல. எங்க லயன் எங்கன இருக்குன்னு காட்டுங்க."

அலுமாரியில் இருந்து பழைய அங்குலப் படத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். நான் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு படிப்பித்த தாள், மடிப்புகள் தேய்ந்து வெளிச்சம் தெரியும். வன்னித் தாள்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஒரு ஊரே இருக்கும். இதில் கோடுகள் தலைமயிர் மாதிரி. இவ்வளவு நெருக்கத்தைச் செங்குத்துச் சரிவு என்று சொல்லிப் புள்ளி கொடுத்திருக்கிறேனே தவிர, அந்தக் கோடுகளுக்கு இடையில் ஆட்கள் சமைக்கிறார்கள், படுக்கிறார்கள் என்று ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. தோட்ட வீட்டு வரிசைக்குச் சொல்லுகிற லயன் என்ற சொல்லுக்கும் கோடு என்றுதானே அர்த்தம்.

தோட்டத்தின் பெயர் படத்தில் இருந்தது. லயன் இல்லை. அவ குனிந்து, ஆற்றைக் கண்டுபிடித்து, பாலத்தைக் கண்டுபிடித்து, பாலத்தில் இருந்து கோயில், கோயிலில் இருந்து பிள்ளைக் காம்பரா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு விரலை நகர்த்தினா. விரல் நின்ற இடத்தில் ஐந்தாறு கோடுகள் நகத்துக்கு அடியில் மறைந்தன.

"இங்கனதான்" என்றா.

நான் பென்சிலை நீட்டினேன். வாங்கி, நுனியைப் பார்த்து, அழுத்தாமல் ஒரு புள்ளி வைத்தா.